ஒரு துண்டு குறைந்தது

ஊசி உடைந்தால் கையைத் தூக்க வேண்டும். மூன்று மாதப் பயிற்சியில் சித்ரகலா டீச்சர் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கிக் கொடுத்தால், நோட்டில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் மொத்த லைனும் நிற்கும். சட்டைக்குள் மாட்டிக்கொண்ட துண்டு வெளிநாட்டுக் குழந்தையின் கழுத்தில் குத்திவிட்டால் ஆர்டரே போயிற்று. திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் இதுதான் சட்டம்.

பாண்டியம்மாளுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். அப்படியிருந்தும் அந்தச் சனிக்கிழமை காலை துணி விளிம்பைத் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் ஊசி படக்கென்று உடைந்து விரலில் ஏறியபோது அவள் கையைத் தூக்கவில்லை. ஸ் என்றுகூடச் சொல்லவில்லை. விரலில் துணியைச் சுற்றினாள். கிடைத்த இரண்டு துண்டுகளை இடுப்பில் செருகினாள். பயிற்சியில் கொடுத்த ஊசி ஒன்று பர்ஸில் கிடந்தது. அதை மாட்டித் தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஏன் என்று கேட்கிறவர்கள் அவள் புருஷன் காசிமாயனோடு எட்டு வருஷம் குடித்தனம் பண்ணிப் பார்க்க வேண்டும். தேனிப் பக்கத்தில் இருந்தபோது, ஒரு மண்சட்டி கை நழுவிப் போனதற்கு அவள் இடது கையைக் கதவிடுக்கில் வைத்து அடைத்தான் அந்தப் படுபாவி. கத்தியதற்கு இன்னொரு தடவை அடைத்தான். அதற்குப் பிறகு வீட்டில் எது உடைந்தாலும் சத்தம் காட்டாமல் ஒளித்துவைக்க அவள் உடம்பு பழகிக்கொண்டது. எட்டு வருஷப் பழக்கத்துக்கு முன்னால் மூன்று மாதப் பயிற்சி எம்மாத்திரம்?

உயிர் பிழைத்தால் போதுமென்று போன தையில் ஓடி வந்தவளைத் திருப்பூரை ஒட்டிய பூண்டியில் ஒரு பெண்கள் விடுதி சேர்த்துக்கொண்டது. மகள் விஜயராணியைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. ஆறு வயசுப் பிள்ளை அப்பன் வீட்டில்தான் கிடக்கிறாள். கோர்ட்டில் மனுப் போட்டுக் கேட்கலாம், ஆனால் வேலை நிரந்தரம் என்று காட்ட கம்பெனி கார்டு இருந்தால்தான் மனு நிற்கும் என்று அந்த விடுதியில் தையல் சொல்லிக் கொடுத்த சித்ரகலா சொல்லியிருந்தார். அந்தச் சனிக்கிழமைதான் ஒரு வார ட்ரையலின் கடைசி நாள். சாயங்காலம் கார்டு கைக்கு வரும்.

பன்னிரண்டு மணிவரை தைத்தாள். விரல் விண் விண்ணென்று தெறித்தது. கழிவறைக்குப் போய் இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். முனையைக் காணோம். எந்தச் சட்டைக்குள் போயிற்றோ. கைக்குழந்தைச் சட்டை, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். யார் பெற்ற பிள்ளையோ. வெளியே வந்தபோது தைத்த சட்டைக் கட்டுகளைப் பேக்கிங்குக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நேரே போய் சூப்பர்வைசர் திருமூர்த்தியிடம் துண்டுகளை நீட்டிவிட்டாள்.

லைனை நிறுத்தச் சொல்லி அவர் கையை உயர்த்தினார். அவ்வளவுதான். பாண்டியம்மாள் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பது மெஷினும் நின்றுபோய், நாற்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். அந்த அவமானத்தை என்னவென்று சொல்ல.

கட்டுகளைப் பிரித்து, ஊசி கண்டுபிடிக்கிற கருவியை ஒவ்வொரு சட்டை மேலும் ஓட்டினார்கள். ஒன்றிலும் இல்லை. யாருக்கோ சந்தேகம் வந்து அவள் விரலருகே கொண்டுபோனபோது அது கீச்சென்றது. முனை அவள் சதைக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள்.

திருமூர்த்தி கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவரும் அவர்தான்.

"ஊசி ஒடையறது சகசமுங்க. அதுக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டோம். மறைச்சீங்க பாருங்க, அதுதானுங்க ஆகாது," என்றார்.

கார்டு கிடையாது, திங்கட்கிழமை வர வேண்டாம் என்பதையும் அதே மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனார்.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் சீனியம்மாள், தம்பிக்குத் தெரியாமல் பிள்ளையைக் கடை போனுக்குக் கூட்டி வருவாள். தீபாவளிக்குள் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தவள் இப்போது எந்த முகத்தோடு பேசுவது? ஆனாலும் பேசினாள். அம்மாவுக்கு வேலை போய்விட்டது, ஊசியை உடைத்துவிட்டு மறைத்துவிட்டேன், தப்பு என்னுடையதுதான் என்று பிள்ளையிடம் உள்ளதைச் சொன்னாள்.

விஜயராணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நானும் கண்ணாடி டம்ளர ஒடச்சுட்டேம்மா. காலுல ஏறிருச்சு. நான் அழுகவே இல்ல. யார்ட்டயும் சொல்லல."

அதைச் சொன்னபோது குரலில் ஒரு பெருமை. அம்மா மெச்சுவாள் என்று நினைத்திருக்கிறாள். பாண்டியம்மாள் உடனே நாத்தனாரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, பிள்ளையின் காலைப் பார்க்கும்படி, இப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்படி கெஞ்சினாள்.

போனை வைத்த கையோடு சித்ரகலாவைத் தேடிப் போய், மனுவை இன்றைக்கே எழுதித் தரச் சொன்னாள். கார்டு இல்லாமல் கொடுத்தால் தள்ளிவிடுவார்கள், இன்னொரு கம்பெனியில் சேர்ந்த பிறகு எழுதலாம் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"வேல இல்லன்னே எழுதுங்க டீச்சர். தள்ளுனா மறுபடியும் எழுதுவோம்," என்றாள் பாண்டியம்மாள். "எம் மக அழுகாம இருக்கப் பழகிட்டா."