உறவினர் என்ற கட்டம்

1.

இந்தக் கதை மலையடிவாரத்து வேங்கிக்காலில், ஓர் அறக்கட்டளையின் கணினித் திரையின் முன் பிறந்தது. அதை மறைத்து, ‘மலைமேல் மேகம் இறங்கிய அன்று ரேணுகாம்பாளின் அண்ணன்’ என்று தொடங்கிப் பார்த்தேன். விட்டுவிட்டேன். அன்று மேகமே இல்லை.

2.

அண்ணன் காசி, ஒன்பது வருடம் முன்பு கீழ்பென்னாத்தூர் வீட்டை விட்டுக் காவி கட்டிப் போனவன். கிரிவலப் பாதையில் இறந்தான். சாதுக்களை அடக்கம் செய்யும் அறக்கட்டளை யாராவது வருவார்களா என்று மூன்று நாள் பார்த்துவிட்டு அடக்கம் செய்தது. பதினைந்தாம் நாள்தான் ரேணுகாம்பாளுக்குத் தெரிந்தது. சில வருடம் முன்பு, அவன் உயிரோடு இருந்தபோதே எடுத்த அறக்கட்டளைப் பதிவில் ‘உறவினர்’ கட்டம் காலியாக இருந்தது.

3.

“ஏம்ப்பா காலியா இருக்குது?” என்று ரேணுகாம்பாள் கேட்டாள்.

கணினியைப் பார்த்துக்கொள்ளும் விமல்ராஜ் திரையைத் தன் பக்கம் திருப்பினான். “எனக்கு யாரும் இல்லன்னு சாமியே சொல்லியிருந்தா, வெறுமையாப் பதிவோம்க்கா. கேக்கவே இல்லன்னா கம்ப்யூட்டரே ‘நல்’னு வச்சுக்கும். தெரியாதுன்னு அர்த்தம்.”

“இதுல எது?”

“போஸ்ட்கிரெஸ்னு பழைய மென்பொருள்ல ரெண்டும் தனித்தனியா இருந்துச்சு. போன வருஷம் எல்லாப் பதிவையும் ஆரக்கிள்னு வேற மென்பொருளுக்கு மாத்தினோம். அது வெறுமையையும் ‘நல்’லாத்தான் எடுத்துக்கும்.”

“ஆளுக்கொரு சட்டமா?”

“இந்த மென்பொருளுக்கெல்லாம் எஸ்க்யூஎல்னு சட்டம் ஒண்ணுதான்க்கா. அதுல ரெண்டும் வேற வேற. ஆரக்கிள் அதுக்கு முந்தியே இப்படிப் பழகிடுச்சு. மாத்திக்கல.”

“எங்கண்ணன் மாதிரி. பழசு எங்க?”

“அழிச்சிட்டேன். நானூத்திப் பன்னெண்டு வரியும் வந்துச்சான்னு எண்ணினேன். வந்துச்சு. அதுக்கு மேல பாக்கல.”

[அடிக்குறிப்பாக வைத்திருந்தது: ஒரு ‘நல்’லும் இன்னொரு ‘நல்’லும் சமமா என்று கேட்டால், சட்டப்படி ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. தெரியாது என்றே வரும். இதில் ஏறக்குறைய எல்லா மென்பொருளும் ஒத்துப்போகின்றன.]

4.

முதல் வரைவில் விமல்ராஜை அலட்சியக்காரனாக எழுதினேன். அடித்துவிட்டேன். அவன் கண் கலங்கியிருந்தது.

ஒரு முடிவில், யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காசி தங்கை பெயரைச் சொல்லியிருப்பான். இன்னொன்றில் கேட்டார்கள். அவன் மலையைப் பார்த்துக்கொண்டு, (இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. ரேணுகாம்பாள் நான்தான்.)

5.

“உங்க பேரப் போட்டுடவாக்கா? பேர் இருந்தாதான் வருஷா வருஷம் குருபூஜைக்குக் கூப்பிடுவாங்க.”

போனால் அவன் சமாதி முன் உட்காரலாம். அவன் ‘எனக்கு யாரும் இல்லை’ என்று சொல்லியிருந்தால், அழைக்காத வீட்டில் உட்கார்ந்ததாகும்.

“அண்ணன் சொன்னதையா, நான் சொல்றதையா அதுல எழுதணும்?”

விமல்ராஜ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

அதற்கு மேல் நான் எழுதவில்லை. காசியை நீங்கள் பார்த்ததில்லை. அவன் சொல்லியிருக்கக்கூடியதை உங்களால் கோபமில்லாமல் யோசிக்க முடியும். அதனால் முடிவு உங்களுடையது. என் பெயரைப் போடச் சொல்வதானால் இனிஷியல் கே.