வெளிச்சம் வைக்காத பொட்டுகள்

1

“வெளிச்சத்துக்குக் கையே இல்லையே, அது எப்படி ஒட்டும்?”

வெளிச்சத்தால் ஈயத்தை உருக்கி ஒட்டும் லேசர் சால்டரிங் பற்றி அப்பா சொல்லிக்கொண்டிருந்தபோது என் தங்கை மகள் கேட்டது இது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை மறைக்கத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன்.

2

காது கேட்கும் கருவி செய்யும் கூடம். இரண்டு லேசர் இயந்திரங்கள் சோதனைக்கு வந்திருந்தன. ஒன்று கதவை மூடிக்கொண்டு புகையை உள்ளேயே உறிஞ்சிவிடும். மற்றது திறந்த மேசை, வேகம் அதிகம். எதை வாங்குவது என்று இன்ஜினீயர் பெண் சொல்லவேண்டும். எது வந்தாலும், கையால் சால்டர் வைக்கும் கண்ணாடியக்காவுக்குத்தான் முதலில் வேலை போகும்.

முதல் வரைவு: ‘பயத்தில் அக்கா, இயந்திரம் ஒட்டிய சர்க்யூட் பலகைகளை யாருமில்லாத நேரத்தில் கெடுத்து...’

(நிறுத்திவிட்டேன். பயந்தவள் கெடுக்கத்தான் செய்வாளா? ஆண்டவன் மனிதரை அப்படியா படைத்தான்?)

3

ஆகவே இன்ஜினீயரை மைக்ரோஸ்கோப்பில் குனியவைத்தேன். மூடிய இயந்திரம் ஒட்டிய பலகை; சால்டர் பொட்டுப் பொட்டாக அழகு. லென்ஸைத் திருகி இன்னும் பெரிதாக்கினாள். மூன்று பொட்டுகளில் இடப்பக்கம் மெல்லிய வால். லேசர் வால் விடாது. அங்கே இடது கையால் சால்டர் வைப்பவர் ஒருவர்தான்.

“அக்கா, இது மெஷின் வெச்சதில்ல.”

“கண்டுபிடிச்சிட்டியா? அதுல பார்த்தா பேன்கூட யானைதான்.”

“வெளையாடாதீங்க. ஏன் கெடுத்தீங்க?”

“கெடுத்தேனா! மூணு எடத்துல ஒட்டவே இல்ல, உருண்டு நின்னுச்சு. நான்தான் சரி பண்ணேன்.”

இன்ஜினீயர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். “உங்க வேலைய பறிக்கப்போற மெஷினுக்கா?”

“ஏதோ ஒண்ணு வரத்தானே போவுது? அந்தத் தொறந்த சனியன் வந்தா புகை நேரா மூஞ்சில. பக்கத்து சீட்டுக்காரி முழுகாம இருக்காம்மா. நான் போயிடுவேன். அவ இங்கதானே உக்காரணும்?”

(இதை நான் யோசித்து வைக்கவில்லை.)

4

முடிவு அ: இன்ஜினீயர் மேலே சொல்கிறாள். அக்கா அன்றே வெளியே.

முடிவு ஆ: சொல்லாமல் அந்த மூடிய இயந்திரத்தையே வாங்குகிறாள். ஒட்டாத பொட்டு விட்டுப்போய், யாரோ ஒரு பெரியவர் காதில், பேத்தி பேசிக்கொண்டிருக்கும்போதே கருவி...

இரண்டையும் அடித்துவிட்டேன். அன்பால் சொன்ன பொய்யும் பொய்தான்; ஆனால் அதற்காக அன்பைத் தண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

“அந்த மூடுன மெஷின திரும்ப ஓட்டிப் பார்க்கறேன். நீங்க கை வெக்கக்கூடாது.”

“தோத்துடுச்சுன்னா?”

இன்ஜினீயர் புதுப் பலகை ஒன்றை எடுத்து வைத்தாள். சோதனை நாளைக்கு. எதை வாங்குவது என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எல்லோரும் சாப்பிடப் போனபின், இன்ஜினீயர் தன் மேசையிலிருந்த புகை உறிஞ்சும் குழாயைக் கழற்றி, அந்தக் கர்ப்பிணியின் இருக்கையருகே கொண்டுபோனாள். இதுவரை வேகத்தையும் பொட்டையும் மட்டுமே பார்த்தவள், அருகில் மூச்சு விடுகிறவளைப் பார்க்கவில்லை. இன்ஜினீயருக்காகவும் சேர்த்து அக்கா பார்த்திருந்தாள். அந்தக் கடன்தான் இது.

அவள் குழாயின் திருகாணியை இறுக்கும்போது, பார்க்காததுபோல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.