இருபத்திமூன்று படிகள்

ஓவிய டீச்சர் எனக்கு மூன்று கட்டளை போட்டிருந்தார். பிள்ளைகள் வரைந்ததைப் பார்த்து 'இது என்ன' என்று கேட்கக் கூடாது, பாராட்டக் கூடாது, திருத்தக் கூடாது. கணக்கு வாத்தியாரான என்னிடம் திருத்தாதே என்பது, தும்மல் வந்தவனிடம் தும்மாதே என்பது மாதிரி.

விஷயம் இதுதான். என் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மாடிப்படியில் உருண்டு காலை முறித்துக்கொண்டாள். வகுப்பே சிரித்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, தைரியம்தான் வரவில்லை. தினமும் சித்தியோடு கேட் வரை வருவாள், திரும்பிப் போய்விடுவாள். இந்த வாரமும் உள்ளே வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அடுத்த வருஷம் மறுபடி ஏழாவதுதான்.

அன்று கேட்டில் நிற்கும் முறை எனக்கு. டீச்சர் வாட்ச்மேன் ஸ்டூலில் தாளை விரித்து, "இங்கேருந்து உன் பெஞ்சு வரைக்கும் வழியை வரைம்மா. எங்கே வயித்தைக் கலக்குதோ அங்கே சிவப்பு அடி," என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். கேட், தண்ணீர்க் குழாய், மாடிப்படி. படியில் ஒரு பொட்டு சிவப்பு இல்லை. வகுப்பு வாசலில்தான், தாள் கிழிகிற அளவுக்கு. பயம் படிக்கு இல்லை, சிரிப்புக்கு என்று எனக்கே புரிந்தது. பாவமாக இருந்தது. ஆனால் பாழாய்ப்போன கண் அதற்குள் படிகளை எண்ணிவிட்டது.

"படி இருபத்திரண்டுதான்மா. ஒண்ணு கூடப் போட்டுட்ட," என்றேன்.

டீச்சர் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும்.

"இருபத்திமூணு சார்," என்றாள் அவள்.

"பத்தொன்பது வருஷமா ஏறுறேன்."

"நான் ஒவ்வொண்ணா உருண்டு வந்தேன் சார். எனக்குத் தெரியாதா?"

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. "வா, எண்ணிப் பாத்துடலாம்."

சித்தி வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டைத் தாண்டிவிட்டாள். "வேணும்னேதானே கிளப்பிவிட்டீங்க?" என்று டீச்சர் காதோரம் கேட்டார். சத்தியமாக இல்லை. இருபத்திரண்டை விட்டுக்கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான்.

அடியில் தரையோடு தரையாக ஒரு படி. "இதை நீங்க மிதிக்கவே மாட்டீங்க சார், தாண்டிருவீங்க," என்று எண்ண ஆரம்பித்தாள். உச்சியில் இருபத்திமூன்று. அதற்குமேல் எண்ண எதுவும் இல்லை. வகுப்பு வாசல். நாற்பது தலைகள் திரும்பின. அவள் என் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம மாடிப்படி எத்தனைன்னு இவ சரியாச் சொன்னா," என்றேன் வகுப்பிடம். "நான்தான் தப்பு. எனக்கு எண்ணத் தெரியல."

கணக்கு வாத்தியாருக்கு எண்ணத் தெரியாதாம். கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. பக்கத்தில் பார்த்தால் இவளும் சிரிக்கிறாள், எல்லோரையும்விடச் சத்தமாக. சிரிப்பு அடங்குவதற்குள் என் சட்டையை விட்டுவிட்டுத் தன் பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தாள்.