கண் சிமிட்டச் சொல்லும் சட்டம்

என் வீட்டுக்காரர் உத்தமனுக்குச் சம்பளம் கொடுப்பது அவருடைய மீசைதான் என்று நாங்கள் குடியிருக்கும் மர்பி டவுனில் கேலி பேசுவார்கள். எம்.ஜி. ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் வாசல் கதவைத் திறந்துவிடும் வேலை அவருக்கு. தலைப்பாகை, சிவப்புக் கோட்டு, முறுக்கு மீசை, வாய் நிறையச் சிரிப்பு. வெள்ளைக்காரர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் உதட்டோரமாக ஒழுகியது. முகவாதம். இடது பக்கம் அப்படியே தொங்கிப்போனது. டாக்டர் மாத்திரை கொடுத்து, மெள்ளச் சரியாகும், கொஞ்சம் மிச்சமும் இருக்கலாம் என்றார். ஹோட்டலில் பின்பக்கம் பார்க்கிங்கில் நிற்கச் சொன்னார்கள். இவர் போகவில்லை.

அன்றைக்கு மாட்டிய மாஸ்க்கை வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. சாப்பிடுவது சுவரைப் பார்த்து. தூங்கும்போது கண்ணை மூடி ஒட்ட வேண்டிய பிளாஸ்திரியைக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு தானே ஒட்டிக்கொள்வார். தாலி கட்டிக்கொண்டவள் நான், எனக்கும் காட்டவில்லை. கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் பழைய உத்தமன் மிச்சமிருந்தார். பிட்காயின். ஹோட்டலுக்கு அடிக்கடி மீட்டிங்குக்கு வரும் ரோஹன் என்ற கம்ப்யூட்டர்காரர் சொல்லிக்கொடுத்து, டிப்ஸ் காசில் கொஞ்சம் கொஞ்சமாக போனில் வாங்கி வைத்திருந்தார். காலையில் காபிக்கு முன்னால் அதன் விலையைப் பார்க்காவிட்டால் இவருக்குப் பொழுது விடியாது. திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை, அரசாங்கத்தில் பதிவு செய்த கம்பெனி வழியாகத்தான் வாங்குகிறேன் என்பார். விற்றால் லாபத்தில் முப்பது சதவீதம் வரி, நஷ்டம் வந்தால் மட்டும் அது நம் தலையில் என்று அதையும் பெருமையாகத்தான் சொல்வார். கவர்மெண்டுக்காரன் இதைக் காசு என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டானாம், வரி மட்டும் வாங்குவானாம். அப்படியென்றால் அரசாங்கமும் உங்கள் அம்மாவும் ஒரே ஜாதகம் என்று நான் சொல்வேன். நல்லது நடந்தால் என் பிள்ளை, கெட்டது நடந்தால் வந்தவள்.

அந்த அரசாங்கம்தான் இந்த வருஷம் புது விதி போட்டது. பெயரும் ஆதாரும் மட்டும் போதாதாம். கணக்கு வைத்திருப்பவர் கேமரா முன்னால் நேராக முகத்தைக் காட்டிக் கண் சிமிட்ட வேண்டுமாம். போலி ஆட்கள் போட்டோவை வைத்து ஏமாற்றுகிறார்களாம். மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் கணக்கு முடங்கும் என்று கம்பெனி செய்தி அனுப்பியது. இவர் படித்தார், போனைக் கவிழ்த்து வைத்தார், போனால் போகட்டும் என்றார். என்னால் அப்படி விட முடியவில்லை. காசுக்காக இல்லை. இந்த மனிதருக்கு ஆசையாக இருந்தது அது ஒன்றுதான், அதையும் விட்டுவிட்டால் அப்புறம் இவரை எதைக் காட்டி எழுப்புவது?

அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஹோட்டலில் சட்டம் போட்டுக் கொடுத்த அவருடைய போட்டோ கூடத்தில் தொங்குகிறது. அதைக் கழற்றி, அவர் போனில் கம்பெனி செய்தியைத் திறந்து, கேமரா முன்னால் பிடித்தேன். வட்டத்துக்குள் முகம் வந்தது. கண் சிமிட்டுங்கள் என்றது போன். நான் போட்டோவை லேசாக ஆட்டினேன். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மறுபடி, மறுபடி. கடைசியில் சிவப்பு எழுத்தில் வந்தது: இது உயிருள்ள முகம் இல்லை.

படித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னவோ செத்துப்போனவருக்கு மாலை போட வந்த மாதிரி அந்தச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். துண்டோடு வந்து நின்றவர் போனைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே கண் சிவந்தது.

"அந்த மூஞ்சிதான் வேணுமா உனக்கு?"

"அத ஊர் பூரா பாத்துச்சு. இப்ப இருக்கறத நான் ஒருத்தி கூட பாக்கலயே, யோவ்."

அவர் ஈரத் துண்டோடு போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

மறுநாள் கம்பெனியிலிருந்து வந்த செய்தி வேறு மாதிரி இருந்தது. யாரோ உங்கள் பெயரில் போலி முகம் காட்ட முயன்றிருக்கிறார்கள், வீடியோவில் வந்து விளக்கம் சொல்லுங்கள், இல்லையென்றால் மேலிடத்துக்குத் தகவல் போகும் என்று. ஹோட்டல் வாசலில் கிடந்த மோதிரத்தைக்கூட வெள்ளைக்காரனைத் தேடிப்போய்க் கொடுத்தவர் இவர். போலி என்ற வார்த்தையைத் தாங்க முடியவில்லை. என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, வீடியோவைப் போடு என்றார்.

வீடியோவில் வந்தவள் ரூபினி என்று ஒரு பெண். தமிழும் கன்னடமும் கலந்து பேசினாள். அறையில் வேறு ஆள் தெரியக் கூடாது என்றாள். இவர் போனைத் தொட மாட்டேன் என்றதால் நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். போனுக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது அவளுக்குத் தெரியாது. மாஸ்க்கை எடுங்கள் சார் என்றாள். இவர் கை காதுவரை போய் நின்றது. எடுத்தார்.

என் உத்தமன். ஒரு பக்க மீசை மேலே, ஒரு பக்கம் கீழே. கன்னம் ஒட்டி, தாடி நரைத்து, இளைத்துப்போயிருந்தார். பார்த்துப் பயப்படுகிற மாதிரி ஒன்றுமே இல்லை. இதற்கா இத்தனை மாதம் என்று அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

கண் சிமிட்டச் சொன்னாள். வலது கண் மட்டும் மூடித் திறந்தது. ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்த மாதிரி ஆகிவிட்டது. இவர் கூசிப்போய், முகவாதம்மா, இவ்வளவுதான் வரும், அதனால்தான் வீட்டில் பழைய போட்டோவைக் காட்டிப் பார்த்தார்கள் என்றார். அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. பரவாயில்லை சார், தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்புங்கள், அதற்கும் விதி இருக்கிறது என்றாள். திருப்பினார். கடைசியாக ஒரு கேள்வி, எல்லோரிடமும் கேட்பது என்றாள்.

"யாராவது வற்புறுத்தி இதைச் செய்ய வைக்கிறாங்களா சார்?"

"ஆமாம்மா. என் பொண்டாட்டி."

அந்தப் பெண் திகைத்துப்போனாள். அப்படிச் சொன்னால் அழைப்பை நிறுத்தியே ஆக வேண்டுமாம், சட்டமாம். சாரி சார், யோசித்துவிட்டு நீங்களாகவே மறுபடி கூப்பிடுங்கள் என்று துண்டித்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஹரிச்சந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நிம்மதியாக இருந்தாளா? அப்போது ஒரு சத்தம் கேட்டது. இவர் சிரிக்கிறார். கோணலாக, பாதி உதட்டால், எச்சில் ஒழுக, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். நானும் அடக்க முடியாமல் சிரித்தேன். பிறகு முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்தேன். தடுக்கவில்லை.

தானே போனை எடுத்து மறுபடி அழைத்தார், என் கையில் கொடுத்தார். அதே ரூபினி. அதே கேள்வி.

"யாரும் வற்புறுத்தலம்மா. நானாத்தான் காட்டறேன்."

கணக்கு சரியாகிவிட்டது என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். திரை இருண்டது. நான் பிடித்த போனை இறக்கவில்லை.

"அதான் வெச்சுட்டாளே, இன்னும் இன்னாத்துக்குடி புடிச்சிருக்க?" என்றார்.

"உன்னத்தான் பாத்துக்கினு இருக்கேன்யா."

"பாரு" என்றார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.