கைக்கு வெளிச்சம்

மாலை வகுப்பில் ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதி வரச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது என் செய்முறைத் தேர்வு நாள். ஆனால் அந்த நாளை மட்டும் எழுதினால் யாருக்கும் தலையும் புரியாது, வாலும் புரியாது. அதற்கு முந்தைய சில மாதங்களையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முதல் பத்தியிலேயே விதியை மீறுகிறேன். மன்னிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நான் குழந்தைகள் பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடம். எங்கள் துறையில் எல்லாக் கருவிக்கும் ஒரு குழந்தைப் பெயர் உண்டு. எச்சிலை உறிஞ்சும் குழாய் யானைத் தும்பிக்கை. சொத்தைப் பல்லின் மேல் பொருத்தும் எஃகு மூடி ராஜா தொப்பி. இந்தப் பெயர்களை வைத்து நிமிடத்தில் கதை கட்டுவதில் கெட்டிக்காரன் என்னோடு படித்த ஒருவன். அவனை ரேடியோ என்போம். காலையில் போட்டால் மாலை வரை ஓயாது. அவன் பாட்டுப் பாடிக்கொண்டே பல்லைப் பிடுங்குவான், குழந்தை சிரித்துக்கொண்டே பஞ்சைக் கடிக்கும். எனக்கு அந்த வாய் கிடையாது. நான் கதை சொன்னால் குழந்தை அம்மாவைப் பார்க்கும், அம்மா கடிகாரத்தைப் பார்ப்பார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் வரிசை. தட்டில் எது எங்கே இருக்க வேண்டும், எதற்குப் பிறகு எது, எதற்கு என்ன வார்த்தை என்பதில் எனக்குப் பிசகாது. எந்தக் குழந்தை வந்தாலும் அதே வரிசை, அதே வார்த்தைகள். ரேடியோ எனக்கு வைத்த பெயர் டைம்டேபிள். “நம்ம டைம்டேபிள் ஒரு பால் பல்ல பாத்து முடிக்கறதுக்குள்ள அது தானா விழுந்து, புதுப் பல்லும் முளைச்சிடும்” என்று கேன்டீனில் எல்லோர் முன்னாலும் சொல்வான். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்குப் போன பிறகுதான், அது உண்மையாக இருக்குமோ என்று உட்கார்ந்து யோசிப்பேன்.

அப்போதுதான் பட்டு வந்தாள். ஏழு வயது. பட்டு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். ஆட்டிசம் உள்ள குழந்தை. வாசலில் செருப்பு இடம் மாறிக் கிடந்தால்கூட அன்றைக்குச் சாப்பாடு இறங்காது என்றார் அவள் அம்மா. அவர் தையல்கடையில் வேலை செய்பவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே ஓடி வந்திருந்தார். பட்டுவுக்குக் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கடைவாய்ப் பால்பற்கள் சொத்தை.

முதலில் பார்த்தவன் ரேடியோதான். ஒரு நாள் உறிஞ்சுகுழாயை யானைத் தும்பிக்கை என்றான். அடுத்த தடவை, சலிப்பூட்டக் கூடாதே என்று, அதையே பாம்பாக மாற்றிவிட்டான். பட்டு இறங்கிப் போய் நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. இனி மயக்கம் கொடுத்து, அறுவை அரங்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவாகி, காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் ஏறியது.

தையல்காரம்மா அழவில்லை. நாடாவைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். “மூணு வயசுல காது ஆபரேஷனுக்கு மயக்கம் குடுத்தாங்க. முழிச்சப்புறம் ஒரு மாசம் யார்கிட்டயும் வரல. என்கிட்டயே வரல, டாக்டர். பல்லுக்காக இன்னொரு தடவ என் பொண்ண நான் தொலைக்கணுமா?”

அரங்கில் இடம் கிடைக்கும்வரை யாராவது முயன்று பார்க்கிறீர்களா என்று துறைத்தலைவர் எங்களைக் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. நான் ஒரு ஃபைலை மேல் அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தேன். தூரத்திலிருந்து அது கை தூக்கியதுபோல் தெரிந்திருக்கிறது.

பட்டுவுக்கு நான் கதை எதுவும் சொல்லவில்லை, சொல்லத் தெரியாது என்பதால். வரிசை மட்டும் சொன்னேன். முதலில் மார்பில் காகிதத் துண்டு. பிறகு விளக்கைத் தாழ்த்தி அவள் உள்ளங்கையில் விழச் செய்து, “கைக்கு வெளிச்சம்.” வாய்க்குப் போகும் வெளிச்சம் சுடாது என்று கைக்குத் தெரிந்துவிடும். “அப்புறம் கண்ணாடி.” வாய்க்குள் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடி முதலில் கட்டைவிரல் நகத்தைத் தொடும், பிறகுதான் உதட்டை. அப்புறம் பல் எண்ணுவது. கடைசியில் அவளே துண்டைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட வேண்டும். கூடை மூடியதும் இருவரும் சேர்ந்து, “முடிஞ்சது.” முதல் சில வருகைகளில் கையோடு நின்றோம். அப்புறம் நகம்வரை. வாய்வரை போக இரண்டு மாதம் ஆனது.

ஒரு நாள் உதவியாளர் அக்கா குழாய் பிடிக்க அருகில் வந்ததும் பட்டு விறைத்துப்போனாள். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அக்காவைக் கை நீட்டச் சொல்லி, அந்தக் கையிலும் வெளிச்சத்தை விழ வைத்தேன். பட்டு அதைப் பார்த்து முடித்துத் தோளைத் தளர்த்தினாள். அன்றிலிருந்து யார் பக்கத்தில் வந்தாலும் முதலில் கை. ரேடியோவும் நீட்டினான். “அப்படியே ரேகையும் பாரு பட்டு, நான் எப்ப பாஸாவேன்?” என்றான். பட்டு வெளிச்சம் விழுந்த உள்ளங்கையைப் பார்த்தாள். அவன் கை சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு பக்கத்துப் பல்லுக்கு அப்படியே மூடி போட்டுவிட்டோம். துளை போடாமல், ஊசி இல்லாமல். சொத்தை நரம்பைத் தொடாத பால் பல்லுக்கு இது போதும். சில நாள் முன்னதாகப் பற்களுக்கு நடுவில் சின்ன ரப்பர் வளையம் வைத்து இடம் உண்டாக்கி, பிறகு வளையத்தை எடுத்துவிட்டு, பசை நிரப்பிய மூடியைப் பல்லின் மேல் வைத்தால், குழந்தையே கடித்துப் பொருத்திக்கொள்ளும். வீட்டில் இப்போது அப்பாவுக்குப் பல் எண்ணி முடிக்காமல் காபி கிடைப்பதில்லை என்று தையல்காரம்மா சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இனி தேர்வு நாள்.

தேர்வுக்கு நான் தேர்ந்தெடுத்திருந்தது வேறு குழந்தை. காலண்டரில் அச்சடித்ததுபோலச் சிரிக்கும் பையன். காலையில் அவன் அப்பா போன் செய்தார். பையனுக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. மாற்றுக் குழந்தை இல்லையென்றால் அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. அன்று பல் தயாராக இருந்த ஒரே குழந்தை பட்டு. இரண்டாவது பல்லுக்கு ரப்பர் வைத்து, மறுநாள் வழக்கமான ஜன்னலோர நாற்காலியில் மூடி போடுவதாக இருந்தது. தேர்வோ மாடியில். வேறு அறை, நீலத்துக்குப் பதில் பச்சை நாற்காலி, முன்பின் தெரியாத தேர்வாளர்.

எனக்குப் போனால் ஆறு மாதம். பட்டு மிரண்டால் இத்தனை மாதம் சேர்த்த நம்பிக்கை அத்தனையும் போய், மறுபடி அறுவை அரங்கு. இதை அப்படியே தையல்காரம்மாவிடம் சொன்னேன். முடியாது என்று சொல்லலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன் என்றும் சொன்னேன். உண்மையில் அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

போனில் தையல் இயந்திரம் ஓடி நின்றது. “நேத்துலேருந்து ரப்பர எடுக்கணும், தொப்பி போடணும்னு அதையேதான் சொல்லிட்டு இருக்கா. நாற்காலி பச்சையா இருந்தா என்ன, நீங்க அதே ஆள்தானே? கூட்டிட்டு வரேன்.”

ரேடியோ படிக்கட்டிலேயே என்னை மறித்தான். “உனக்கென்ன பைத்தியமா? அவ நாற்காலிக்கு அடியில போனா, உன்னையும் அங்கதான் தேடணும்.” அவன் கேலி செய்யவில்லை, உண்மையாகவே பயந்திருந்தான். அதனால் எனக்கும் பயம் கூடியது.

தேர்வாளர் உயரமானவர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். துளை போடாமல் மூடியா என்று கேட்டபோதே புருவம் பாதி நெற்றிக்கு ஏறிவிட்டது. பட்டு பச்சை நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கால்மிதியைத் தொட்டாள். ஏறி உட்கார்ந்தாள். துண்டைக் கட்டினேன். இதுவரை சரி.

“ம், வாயைப் பரிசோதிச்சுக் காட்டுங்க” என்றார் தேர்வாளர், பேனா மூடியைத் திறந்தபடி.

நான் சட்டென்று கண்ணாடியை எடுத்தேன்.

மூன்று வருடமாக வரிசை வரிசை என்று பெயர் வாங்கியவள், தேவைப்பட்ட ஒரே நாளில் வரிசையைத் தவறவிட்டேன். பட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பார்வை மெல்லத் தரைக்கு, நாற்காலியின் அடிப்பக்கத்துக்குப் போனது. சுவரோரம் நின்ற தையல்காரம்மாவின் கை நாடாவில் உறைந்து நின்றது. என்ன தப்பு செய்தேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. கண்ணாடியைப் பிடித்தபடி மரம்போல நின்றேன்.

பட்டுவின் விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. என் குரல். என் ஏற்றம், என் இறக்கம், நடுவில் நான் விடும் சின்ன இடைவெளிகூட மாறவில்லை.

“கைக்கு வெளிச்சம். அப்புறம் கண்ணாடி.”

கண்ணாடியைத் தட்டில் பழைய இடத்தில் வைத்தேன். விளக்கைத் தாழ்த்தினேன். பட்டு வாயிலிருந்து ஒரு கையை எடுத்து நீட்டினாள். வெளிச்சம் உள்ளங்கையில் விழுந்தது. இரண்டாவது கையும் இறங்கியது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை. பக்கத்தில் நின்றவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“கை.”

தேர்வாளர் என்னைப் பார்த்தார். “சார், நீங்களும் கை நீட்டணும்” என்றேன்.

“எதுக்கு?”

“வரிசை, சார்.”

மதிப்பெண் தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினார். பட்டு குனிந்து, அவசரமே இல்லாமல் பார்த்தாள். விரல் நுனியில் நீலமாக ஏதோ.

“மை. கழுவணும்.”

ஓரமாக நின்றிருந்த துறைத்தலைவர் கூரையில் என்னவோ தேட ஆரம்பித்தார். தேர்வாளர் குழாயடிக்குப் போனார், சோப்பு போட்டுக் கழுவினார், திரும்பி வந்து மறுபடி நீட்டினார். இந்தத் தடவை அவர் கை தேறிவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததைவிட பட்டு செய்ததுதான் அதிகம். அடுத்தது என்ன என்று அவள் சொன்னாள், நான் செய்தேன். நகத்துக்குக் கண்ணாடி. பல் எண்ணிக்கை. ரப்பர் வளையம் ஒரே இழுப்பில் வந்தது. மூடி தொண்டைக்குள் நழுவாமலிருக்க அதன் முதுகில் ஒட்டுநாடாத் துண்டு ஒட்டி, பசை நிரப்பி, பல்லின் மேல் வைத்தேன். மேலே பஞ்சு உருளை.

“கடி” என்று எனக்கு முன்னால் தனக்கே சொல்லிக்கொண்டு கடித்தாள். மூடி பல்லில் இறங்கும்போது ‘டிக்’கென்று ஒரு சத்தம் வரும். மிகச் சின்னச் சத்தம். அறையில் எல்லோருக்கும் கேட்டது.

பசை இறுகும்வரை வேறு வேலை இல்லை. அந்த நேரத்தில், ஏன் துளை போடவில்லை என்று தேர்வாளர் மறுபடி கேட்டார். மூடி அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் கிருமிக்குத் தீனி கிடையாது, சொத்தை அப்படியே நின்றுவிடும், பல் விழ வேண்டிய வயதில் தானாக விழும் என்று திக்காமல் சொன்னேன். வழக்கமாக மூன்று தடவை தொண்டையைச் செருமுவேன். அன்று ஒரு தடவைகூடச் செருமவில்லை என்று பிறகு ரேடியோ சொன்னான். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நூலால் ஓரங்களைச் சுத்தம் செய்தேன். தேர்வாளர் குனிந்து பார்த்தார், கருவியால் மூடியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார், தாளில் எழுதினார். “சரி, போகலாம்” என்றார்.

பட்டு இறங்கவில்லை. மார்பிலிருந்த துண்டைக் கழற்றினாள். நான் கை நீட்டினேன். அவள் அதை என்னிடம் தரவில்லை, தேர்வாளரிடம் நீட்டினாள். இதற்குள் அவரும் கொஞ்சம் பழகிவிட்டார். வாங்கி, கூடையின் மிதியைக் காலால் அழுத்தி, உள்ளே போட்டார். கூடையின் மூடி டப்பென்று விழுந்தது. பட்டு அவர் வாயையே பார்த்தாள். அவருக்கு அடுத்தது தெரியவில்லை. அறை முழுக்கக் காத்திருந்தது.

நான் உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினேன்.

“முடிஞ்சது” என்றார் அவர்.

“முடிஞ்சது” என்றாள் பட்டு. இறங்கி நடந்தாள்.

மாலையில் முடிவு ஒட்டினார்கள். என் எண்ணை மூன்று தடவை பார்த்தேன். பிறகு ரேடியோவைப் படிக்கச் சொன்னேன். அவன் தன் எண்ணைப் படிப்பதற்கு முன் என் எண்ணை உரக்கப் படித்தான். அண்ணனுக்குப் போன் செய்தேன். ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். பையனுக்குக் காய்ச்சல், பச்சை நாற்காலி... அவன் பொறுமையிழந்து, “அம்மா தாயே, பாஸா ஃபெயிலா, அத மொதல்ல சொல்லு” என்றான். சொன்னேன். பிறகு, “சரி, இப்ப ஆரம்பத்துலேருந்து சொல்லு” என்றான்.

ஆனால் அன்று நான் முதலில் செய்தது வேறு. முடிவு வருவதற்கு முன்பே அறுவை அரங்குக்குப் போய், காத்திருப்போர் பட்டியலிலிருந்து பட்டுவின் பெயரை எடுக்கச் சொன்னேன். காரணம் என்ன போட என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டார். சிகிச்சை முடிந்தது என்று எழுதச் சொன்னேன். தையல்காரம்மா என் பக்கத்திலேயே நின்றார். அந்த வரி அடிக்கப்படும்வரை பார்த்துவிட்டு, நாடாவை மடித்துப் பைக்குள் போட்டார். பட்டு நர்ஸின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.