பின்னோக்கிச் சறுக்கியவள்

கணவாய் உச்சியில் தேநீருக்கு உட்கார்ந்தபோது நாங்கள் நான்கு பேர். சேணத்தை இறக்கிப் போட்டு அதன்மேல் அப்பா. அவருக்கு வலப்பக்கம் அம்மா. தேநீர்க் கெண்டியோடு மகள் நான். கடைசியாக, குதிரையின் வாலருகே, தம்பி மனைவி புருல்சா.

வசந்தத்தில் கல்யாணம் முடிந்த கையோடு தம்பி எல்லை தாண்டி, கசான் என்ற நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அவள் எங்கள் வழக்கம் ஒன்றையும் தவறவிடவில்லை. கூடாரத்தை விட்டு வெளியே போனால்கூட, மாமனாருக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போவாள். முந்தைய நாள்தான் என்னிடம், தாய்வீட்டுக்கே போய்விடுகிறேன், அதைத் தம்பிக்கு எழுதிவிடுங்கள் என்று கேட்டிருந்தாள். மேய்ச்சல் நிலத்தில் கைப்பேசி எடுக்காது. கடிதமெல்லாம் நான்தான் எழுதுவேன். இன்னும் எழுதவில்லை.

மறுபக்கம் மேயும் குதிரைகளைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம். அந்த நிழல் சரிவில் ஜூலையிலும் பனி கிடக்கும். மாவுச் சாக்கில் உட்கார்ந்து சறுக்கித்தான் இறங்குவோம், இளையவர்கள் முதலில். அம்மா சாக்கை நீட்ட, புருல்சா விளிம்புக்குப் போய், எங்களைப் பார்த்தபடி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“ஏம்மா, போற எடத்தப் பாக்க வேணாமா?” என்றார் அப்பா.

“உங்களுக்கு முதுகு காட்டக் கூடாதே, மாமா.”

மடியில் கைகளை வைத்துக்கொண்டு, அதே மரியாதை முகத்தோடு, சிறுத்துக்கொண்டே போனாள். பாதிவழியில் சாக்கு பம்பரமாகச் சுற்றியது. தலைத்துணி ஒரு பக்கம், ஒற்றைக் காலணி ஒரு பக்கம். பிறகு கீழிருந்து ஒரு சிரிப்பு ஏறி வந்தது, பெண்குதிரை கனைப்பதுபோல. இவ்வளவு நாள் ஒரே கூடாரத்தில் இருந்தும் நான் அதைக் கேட்டதில்லை.

அப்பா எழுந்து இன்னொரு சாக்கை உதறினார். அவரும் பின்னோக்கியே உட்கார்ந்தார்.

“இந்த மனுசன் முன்னாடி பாத்துப் போனாலே எதுலயாவது முட்டிக்குவாரு” என்றாள் அம்மா.

அவர் போய் விழுந்ததும் புருல்சா கையைக் கொடுத்துத் தூக்கினாள். அப்புறம் மேலே நிமிர்ந்து, அடிவயிற்றிலிருந்து குரலெடுத்து அத்தையைக் கூப்பிட்டாள். மருமகள் பெரியவர்கள் முன் குரலை உயர்த்தக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம்; அம்மா கோபிப்பாள் என்று நான் பயந்தேன்.

“வர்றேன்டி. மொதல்ல அந்தச் செருப்பத் தேடு” என்றபடி அம்மா சாக்கில் உட்கார்ந்தாள்.

குதிரையைச் சுற்றுவழியில் இறக்கிக் கொண்டுவந்தது நான்.

மறுநாள் காலை கூடாரத்தில், கடிதங்களையும் கொண்டுபோகும் பால் லாரி வரும் நேரத்தில் தாளும் பேனாவும் எடுத்து, என்ன எழுதட்டும் என்று தணிந்த குரலில் கேட்டேன்.

“குடுங்கக்கா. நானே எழுதறேன்.”

அடுப்போரம் உட்கார்ந்து வெகுநேரம் எழுதினாள். நடுவில் ஒருமுறை தனக்குத்தானே சிரித்தாள். என்னிடம் காட்டவில்லை. மாவுப் பசை தடவி உறையை அவளே ஒட்டினாள். ஓட்டுநர் அதை முன்கண்ணாடி ஓரம் செருகிக்கொண்டு கிளம்பினார். சரிவில் ஆட்டுமந்தை விலகி லாரிக்கு வழிவிட்டது.