ஆறாவது ஆள்

சவப்பெட்டியை ரயிலிலிருந்து பாதி இறக்கிய பிறகுதான், தூக்க ஐந்து பேரே இருக்கிறார்கள் என்பது ரக்னாவுக்கு உறைத்தது. பிரான்ஸில் புதைத்திருந்த தம்பி ஆர்னேயை, முதல் உலகப்போர் முடிந்து மூன்று வருடம் கழித்து அமெரிக்காவின் டகோட்டாவுக்கு அனுப்பியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள், கிட்டே வரவில்லை.

அப்பா ஹால்வர் நாடாளுமன்றத்தில் இருந்தவர். ஜெர்மனிமேல் போர் தொடுப்பதா என்று வாக்கெடுத்தபோது எழுந்து "வேண்டாம்" என்றவர். அந்த வாரமே வாசற்கதவில் யாரோ மஞ்சள் பெயின்ட்டை அப்பிவிட்டுப் போனார்கள். அங்கே மஞ்சள் என்றால் கோழை. அடுத்த தேர்தலில் அப்பா தோற்றார். ஆர்னே அதற்கு முன்பே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான்.

"அக்கா, கோழை மகன்னு எத்தனை நாளைக்குக் கேக்கறது?" அவளிடம் சொன்னது அவ்வளவுதான்.

"இன்னொரு ஆள் வேணுமே," என்று முனகினார் மாமா ஓலாஃப். "எம் முதுகை நம்பாதீங்க, அது எனக்கு முன்னாடியே செத்துப்போச்சு."

"நான் புடிக்கிறேன் மாமா."

"நீ தள்ளும்மா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் விதைக்கடை ஹோபர்ட். மஞ்சள் பூசியது அவர்தான் என்பது ஊருக்கே தெரியும். அவருடைய ஒரே மகனும் ஆர்னேயோடுதான் போனான். அவன் உடல் கிடைக்கவே இல்லை.

ரக்னா அப்பாவைப் பார்த்தாள். போகச் சொல்லுங்கப்பா என்று சொல்ல வாயெடுத்தாள்.

"இடப்பக்கம் கனம் ஜாஸ்தி," என்றார் அப்பா. "பாத்துப் புடிங்க."

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஹோபர்ட் உள்ளே வரவில்லை. அம்மா இரண்டு கோப்பையில் காபி ஊற்றி ரக்னாவிடம் நீட்டினாள்.

"அப்பா வெளியிலதான் இருக்காரு. அந்த மனுஷனுக்கும் குடு."

அவள் கோப்பைகளோடு போனபோது இருவரும் வயல் வேலியோரம் நின்றிருந்தார்கள்.

"ஹால்வர், அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தார் ஹோபர்ட்.

"விடுங்க."

அப்பா ஒரு கோதுமைக் கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். உமியை ஊதிவிட்டு, மணியில் பாதியை ஹோபர்ட்டின் கையில் போட்டார். ஹோபர்ட் அதை வாயில் இட்டு வெகுநேரம் மென்றார்.

"இன்னும் கொஞ்சம் காயணும்," என்றார்.

"ஆமா," என்றார் அப்பா.

காற்று வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கதிர்களைச் சாய்த்துக்கொண்டே போனது.